மூன்றாவது பத்தி கீழே இறங்கிவிடுகிறது: டேபிளை விட்டு சிஎஸ்எஸ்ஸுக்கு (பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழிக்கு) மாற உதவி தேவை

ரோஸ் ஹில் மாணவி:
வணக்கம். எங்கள் கோயிலின் இணையப் பக்கம் முழுவதும் டேபிளால், அதாவது அட்டவணைக் கட்டங்களால், கட்டப்பட்டது. மூன்று பத்திகள் (செங்குத்து வரிசைகள்): இடப்பக்கம் மெனு, நடுவில் செய்தி, வலப்பக்கம் அறிவிப்பு. தைப்பூசக் காவடிக்குப் பெயர் கொடுக்க வருகிறவர்கள் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள். அவர்களுக்கு அறிவிப்பு திரைக்கு வெளியே போய்விடுகிறது. டேபிளை எடுத்துவிட்டு மூன்று டிவ்களாக (பெட்டிகளாக) பிரித்து, மூன்றுக்கும் இடப்பக்கம் ஒதுக்கும் ஃப்ளோட்: லெஃப்ட் கொடுத்தேன். அகலம் 25, 50, 25 சதவீதம். கூட்டினால் நூறுதான். ஆனாலும் மூன்றாவது கீழே இறங்குகிறது. ஏன்?

டர்பன்வாசி:
பேடிங் (பெட்டியின் உள்ஓர இடைவெளி) உண்டா, தங்கச்சி?

ரோஸ் ஹில் மாணவி:
எல்லாவற்றுக்கும் 10 பிக்சல், அண்ணா.

டர்பன்வாசி:
அதுதான் காரணம். அகலம் என்று நீங்கள் எழுதுவது உள்ளடக்கத்துக்கு மட்டுமே. பேடிங் அதற்கு மேல் கூடும். இரு பக்கமும் சேர்த்துப் பத்திக்கு 20, மூன்றுக்கும் 60 பிக்சல் மிகுதி. பேடிங்கையும் அகலத்துக்குள் அடக்கும் பாக்ஸ்-சைசிங்: பார்டர்-பாக்ஸ் கொடுத்தால் மேலே ஏறிவிடும்.

ஆனால் ஃப்ளோட்டையே விட்டுவிடுங்கள். அது படத்தைச் சுற்றி எழுத்து ஓடுவதற்காக வந்தது. 2017இலேயே முக்கிய உலாவிகளுக்கு கிரிட் என்ற கட்ட அமைப்பு முறை வந்துவிட்டது. வெளிப்பெட்டிக்கு டிஸ்ப்ளே: கிரிட், கிரிட்-டெம்ப்ளேட்-காலம்ஸ்: 1எஃப்ஆர் 2எஃப்ஆர் 1எஃப்ஆர் (எஃப்ஆர் என்பது கிடைக்கும் இடத்தில் ஒரு பங்கு). இதை 700 பிக்சலுக்கு மேற்பட்ட திரைக்கான மீடியா குவெரிக்குள் (திரை அகலத்தைப் பார்க்கும் நிபந்தனைக்குள்) எழுதுங்கள். கைப்பேசியில் பத்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமையும். பக்க அகலத்தைத் திரைக்குப் பொருத்தச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா வரியும் அவசியம். அது இல்லையென்றால் ஐபோன், திரை 980 பிக்சல் அகலம் என்று எண்ணிப் பக்கத்தைச் சுருக்கிக் காட்டும்.

ரோஸ் ஹில் மாணவி:
நன்றி அண்ணா, மூன்றும் ஒரே வரிசையில் நின்றுவிட்டன! ஆனால் ‘தைப்பூசக்காவடிப்பெருவிழா’ என்ற தலைப்பு அறிவிப்புப் பத்தியைப் பிதுக்குகிறது.

போர்ட் லூயிஸ் ஆசிரியர்:
1எஃப்ஆர் பத்தி தன்னிடமுள்ள மிக நீண்ட சொல்லைவிடக் குறுகாது, அம்மா. நம் மொழியில் இது அடிக்கடி நேரும். பத்தி குறுகுவதற்கு 1எஃப்ஆருக்குப் பதில் மின்மேக்ஸ்(0, 1எஃப்ஆர்) என்று எழுதி, நீண்ட சொல்லை உடைக்க ஓவர்ஃப்ளோ-ராப்: எனிவேர் சேருங்கள். அதற்கு முன் ‘தைப்பூசக் காவடிப் பெருவிழா’ என்று பிரித்தெழுதுங்கள். உலாவி கண்ட இடத்தில் ஒடிப்பதைவிட அது படிக்க நன்றாக இருக்கும்.

பூசை நேர அட்டவணையை மட்டும் டேபிளாகவே விடுங்கள். நாளும் நேரமும் வரிசையாக வரும் தகவலுக்கு அதுதான் முறை. அதை டிவ்களாக உடைத்தால், திரைவாசிப்பான் கொண்டு கேட்கும் பெரியவர்களுக்கு எந்த நேரம் எந்த நாளுக்கு என்று தெரியாது.

ரோஸ் ஹில் மாணவி:
சரி ஐயா. கைப்பேசியில் அறிவிப்பு கடைசியில் வருகிறதே?

போர்ட் லூயிஸ் ஆசிரியர்:
பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் எச்டிஎம்எல்லில் அதைச் செய்திக்கு முன்னால் எழுதுங்கள். அகலத் திரையில் மட்டும் அதற்கு கிரிட்-காலம்: 3 (மூன்றாம் பத்தி), மூன்று பத்திகளுக்கும் கிரிட்-ரோ: 1 (முதல் வரி) கொடுங்கள். பெயர்ப் பதிவு இணைப்பு மெனுவை அடுத்தே வந்துவிடும்.