பேரப்பிள்ளைகளின் பெயரில் சேமிப்பு: யூனிவேர்சல் கிரெடிட் குறையுமா?

கார்த்திகைப்பூ:
வணக்கம் உறவுகளே. நாங்கள் இங்கிலாந்தில் வசிக்கிறோம். கணவரின் சம்பளத்தோடு, குறைந்த வருமானமுள்ளோருக்கு அரசு தரும் மாதக் கொடுப்பனவான யூனிவேர்சல் கிரெடிட்டும், இரண்டு பிள்ளைகளுக்கான அரச உதவித்தொகையான சைல்ட் பெனிபிட்டும் பெற்று வருகிறோம். எங்கள் இருவரின் சேமிப்பையும் சேர்த்தால் 4,200 பவுண் வரும். இப்போது என் மாமியார் பேரப்பிள்ளைகள் இருவருக்கும் ஆளுக்கு 5,000 பவுண் வீதம் வைப்பிலிட விரும்புகிறார். கணவரின் அக்காவோ தன் பெயரிலேயே ஒரு கணக்கைத் திறந்து, பிள்ளைகளுக்கென்று மாதாமாதம் சிறுதொகை சேர்ப்பதாகச் சொல்கிறார். சேமிப்பு 6,000 பவுணைத் தாண்டினால் கொடுப்பனவை வெட்டுவார்கள் என்று கேள்விப்பட்டதால், இவற்றை ஏற்பதா மறுப்பதா என்று தெரியாமல் இருக்கிறோம். மறுத்தால் மாமியாரின் மனம் நோகும் என்பது வேறு கவலை.

தேம்ஸ்கரை:
பிள்ளையின் கணக்கு என்றாலும் அதில் கையெழுத்திடுபவர் தாயோ தகப்பனோ என்றால், அதைப் பெற்றோரின் பணமாகவே எடுப்பார்கள் என்றுதான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். பிள்ளைகளுக்குப் 18 வயதாகும் வரை பணம் மாமியாரிடமே இருப்பது நல்லது.

கணக்குப்பிள்ளை:
தேம்ஸ்கரை சொல்வது பரவலான அச்சம்தான், ஆனால் விதி அப்படியில்லை. யூனிவேர்சல் கிரெடிட்டில் விண்ணப்பதாரரின் மூலதனமும் (சேமிப்பு போன்றவை) அவருடைய துணையின் மூலதனமும் மட்டுமே கணக்கிடப்படும். பிள்ளைக்குச் சொந்தமான பணம், பெற்றோர் அதை நிர்வகித்தாலும், அந்தக் கூட்டலில் சேராது. சேர்ந்திருந்தால் உங்கள் தொகை 14,200 பவுண் ஆகி, 6,000க்கு மேற்பட்ட ஒவ்வொரு 250 பவுணுக்கும் அல்லது அதன் பகுதிக்கும் 4.35 பவுண் வீதம், மாதம் 143.55 பவுண் குறைந்திருக்கும். 16,000ஐத் தாண்டினால் கொடுப்பனவே இல்லை. ஆகவே உங்கள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது.

அதிகாரிகள் பார்ப்பது பணம் யாருடையது, எங்கிருந்து வந்தது என்பதையே. எனவே மாமியார் அதை உங்கள் கணக்குக்கு அனுப்பி, நீங்கள் பிறகு பிள்ளைகளுக்கு மாற்றும் வழியைத் தவிர்த்து, நேரே பிள்ளையின் கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள். இது பேரப்பிள்ளைக்கான அன்பளிப்பு என்று அவர் எழுதிய ஒரு சிறு கடிதத்தையும் வைத்திருங்கள். அந்தக் கணக்கிலிருந்து வீட்டு வாடகையோ மின்சாரக் கட்டணமோ செலுத்தத் தொடங்கினால், அது உண்மையில் பிள்ளையின் பணம்தானா என்ற கேள்வி எழும். அதேபோல, கொடுப்பனவு குறையாமல் இருப்பதற்காக உங்கள் சொந்தச் சேமிப்பைப் பிள்ளையின் பெயருக்கு மாற்றினால், அதை இன்னமும் உங்களிடமே இருப்பதாகக் கணக்கிடும் விதியும் உண்டு.

அக்கா தன் பெயரில் திறப்பது சட்டப்படி அவருடைய பணம். உங்கள் கொடுப்பனவை அது தொடாது, ஆனால் வட்டி அவருடைய வருமானம். அவர் நாளை வருமானம் சார்ந்த உதவி கேட்டால் அவருடைய சேமிப்பாகவும் எடுக்கப்படலாம். சைல்ட் பெனிபிட்டுக்குச் சேமிப்பு வரம்பே இல்லை. பெற்றோரில் ஒருவரின் வருமானம் ஆண்டுக்கு 60,000 பவுணைக் கடந்தால் மட்டுமே அதைத் திருப்பிச் செலுத்தும் வரி வரும்.

வட்டி வரியையும் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் கொடுத்த பணத்தின் வட்டி, தாய் தகப்பன் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஆண்டுக்கு 100 பவுணைத் தாண்டினால், அந்த வட்டி முழுவதும் கொடுத்தவரின் வருமானமாகும். பேத்தி பேரனுக்குப் பாட்டி கொடுத்தால் இந்த விதி கிடையாது.

கார்த்திகைப்பூ:
மிக்க நன்றி அண்ணா. ஒன்றைச் சொல்லத் தவறவிட்டேன். மாமியார், குறைந்த வருமானமுள்ள முதியோருக்கான அரச கொடுப்பனவான பென்சன் கிரெடிட் பெறுகிறார். அவரிடம் மொத்தம் ஏறக்குறைய 18,000 பவுண் இருக்கிறது. அவர் கொடுப்பதால் அவருக்கு ஏதும் பாதிப்பு வருமா? பிள்ளைகளின் பணத்தைச் சிறுவர்களுக்கான வரியில்லாச் சேமிப்புக் கணக்கான ஜூனியர் ஐசாவில் போடலாமா?

கணக்குப்பிள்ளை:
பிரச்சினை உங்களிடம் அல்ல, அவரிடம்தான் இருக்கிறது. பென்சன் கிரெடிட்டில் 10,000 பவுணுக்கு மேற்பட்ட ஒவ்வொரு 500க்கும் வாரம் ஒரு பவுண் வருமானமாகக் கருதப்படும்; 18,000 என்றால் வாரம் 16 பவுண். அவர் 10,000ஐக் கொடுத்துவிட்டால் அந்த 16 பவுணும் நீங்கி, கொடுப்பனவு உயரும். அதற்காகவே கொடுத்தார் என்று திணைக்களம் முடிவெடுத்தால், கொடுத்த பணம் இன்னும் அவரிடம் இருப்பதாகவே கணக்கிடப்படும். எந்த நோக்கத்தில் கொடுத்தார் என்பதே அங்கு ஆராயப்படும். ஆகவே எதையும் மறைக்காமல், பணத்தை நகர்த்துவதற்கு முன்பே, இலவச ஆலோசனை தரும் தொண்டு நிறுவனமான சிற்றிசன்ஸ் அட்வைஸின் ஆலோசகர் ஒருவரிடம் அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

ஜூனியர் ஐசாவில் ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்கு 9,000 பவுண் வரை யாரும் செலுத்தலாம்; வட்டிக்கு வரியில்லை. 18 வயது வரை எடுக்க முடியாது, 18இல் பிள்ளை தன் விருப்பப்படி செலவழிக்கலாம் என்பதை மாமியாருக்கு இப்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அக்காவின் மாதத் தொகையை இன்றே அங்கு திருப்பலாம், ஆனால் கணக்கைத் திறப்பது பெற்றோராகிய நீங்களாக இருக்க வேண்டும்.