கில்ட் அடித்துணி சுருங்கிச் சுருங்கி வருது, அவசர உதவி வேணும்

பாலக்கோடு_புதுசு
ஒட்டுத்துணி கில்ட் (துண்டுத்துணி ஜோடிச்சு, உள்ள பஞ்சு வச்சுத் தைக்கிற போர்வை) கத்துக்க ஆரம்பிச்சதுல இருந்து வேற எதுலயும் மனசு போகல. ஆயுசுக்கும் இதைத்தான் தைக்கப் போறேன். மேல்துணி ஜோடிச்சு முடிச்சாச்சு, பஞ்சு வச்சு மூணு அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது அடித்துணி மடிஞ்சு மாட்டிக்குது. மேல பார்த்தா ஒண்ணும் தெரியல, திருப்பினா ஒரே சுருக்கம். மெஷின்ல நூல் இறுக்கத்தை மாத்துற டென்ஷனை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தாச்சு. தங்கச்சி குழந்தைக்குத் தொட்டில் போடுறதுக்குள்ள முடிக்கணும், சீக்கிரம் சொல்லுங்க.

ஊசிநூல்_ஓசூர்
என்ன மெஷின்? மிதிக்கிற கறுப்பு மெஷினா, ஜிக்ஜாக் அடிக்கிறதா? பஞ்சுன்னா பாலியஸ்டர் ஷீட்டா, எத்தனை ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்)? கில்ட் என்ன அளவு? இதெல்லாம் தெரியாம எப்படிங்க சொல்றது?

அரூர்_டெய்லர்
ஊசிதான் காரணம். பிளவுஸ் தைக்கிற 11 நம்பர் ஊசியிலேயே இதையும் ஓட்டியிருப்பீங்க. 14 மாத்துங்க, தடிமன் அதிகம்னா 16. முனை மழுங்கின ஊசி துணியைக் குத்தாம உள்ள தள்ளும், அப்பத்தான் சுருங்கும்.

காவேரிப்பட்டணம்_கத்தரி
மாசத்துக்கு ரெண்டு தடவை இதே கேள்வி வருது. பழைய பதிவைப் படிக்க யாருக்கும் பொறுமை இல்ல. முதல் வேலையே முழு கில்ட்டுன்னு இறங்கினா இப்படித்தான் ஆகும். 16 அங்குலத் தலகாணி உறை ஒண்ணு தச்சுப் பழகிட்டு வாங்க. தையலுக்கு வெளிய விடுற ஓரம் கால் அங்குலம் சரியா வருதான்னு என்னைக்காவது அளந்தீங்களா? 2.5 அங்குலச் சதுரம் மூணு ஜோடிச்சா 6.5 வரணும். ஒவ்வொரு ஓரத்துலயும் அங்குலத்துல பதினாறுல ஒரு பங்கு கூடினாலே எட்டு ஜோடிப்புக்குள்ள ஒரு அங்குலம் காணாமப் போயிடும்.

பாலக்கோடு_புதுசு
கறுப்பு மெஷின்தான். ஷீட் 200 ஜிஎஸ்எம். 36க்கு 45 அங்குலம். நாலு மூலையிலயும் பின் குத்திட்டு ஓரத்துல இருந்து தச்சுட்டு வர்றேன். ஊசி 14 தான்.

பென்னாகரம்_பெரியக்கா
இதைச் சொன்னதும் விஷயம் தெளிவாயிடுச்சு கண்ணு. டென்ஷனை இருந்த இடத்துல வச்சிரு. டென்ஷன் தப்புன்னா அடியில நூல் வளையம் வளையமா தொங்கும். உனக்கு மடியறது துணி. கீழ இருக்கிற பல்லு அடித்துணியை இழுக்குது, மேல ஊசிகிட்ட இருக்கிற ஃபுட் துணியை அழுத்திப் பிடிக்குது, நடுவுல பஞ்சு வழுக்குது. மூணும் மூணு வேகத்துல போனா, அடித்துணி எங்க தளர்வா இருக்கோ அங்க மடிஞ்சு மாட்டிக்கும். நாலு மூலைப் பின் இதைத் தாங்காது.

சுருக்கம் விழுந்த வரிசையெல்லாம் பிரிச்சிரு. நாலு தையலுக்கு ஒண்ணா அறுத்துட்டு மறுபக்கத்து நூலை இழுத்தா முழுசா வந்துடும். அப்புறம் சிமெண்ட் தரையிலயோ டைல்ஸ்லயோ அடித்துணியை நல்ல பக்கம் கீழ இருக்கிற மாதிரி விரி. அது நாலு பக்கமும் மேல்துணியை விட மூணு நாலு அங்குலம் பெருசா இருக்கணும். ஓரத்தைச் சுத்தி டேப் ஒட்டு. சுருக்கம் இல்லாம இருந்தா போதும், முறுக்கா இழுத்தா டேப்பைப் பிரிக்கும்போது சுருங்கிக்கும். மேல ஷீட், அதுக்கு மேல மேல்துணி. நடுவுல இருந்து வெளிய தடவிக்கிட்டே நாலு அங்குலத்துக்கு ஒரு ஊக்கு போடு, உள்ளங்கை வச்சா ஏதாவது ஒரு ஊக்கு மேல படணும். உன் அளவுக்குக் கிட்டத்தட்ட நூறு ஊக்கு ஆகும். தையல் போற கோட்டுல மட்டும் குத்தாத.

முதல்ல நடுவுல நெட்டுக்கு ஒரு தையல், அப்புறம் குறுக்கே ஒண்ணு. அதுக்கப்புறம் கால் பாகம் கால் பாகமா நடுவுல இருந்து வெளிய வா. இடது கைப்பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு கில்ட் எடையை அது மேல வை. தொங்கினா ஊசிகிட்ட இழுபடும்.

ஊசிநூல்_ஓசூர்
அக்கா சொன்னதோட ரெண்டு சேர்த்துக்கோங்க. ஃபுட் மேல இருக்கிற அழுத்தத் திருகை இடப்பக்கமா ஒரு சுத்து தளர்த்துங்க. தையலைப் பெருசாக்குங்க, அங்குலத்துக்கு எட்டு ஒன்பது தையல் போதும். மேல்துணியையும் சேர்த்து நகர்த்துற வாக்கிங் ஃபுட் வாங்கச் சொல்வாங்க, அவசரப்படாதீங்க. கறுப்பு மெஷின்ல பல் வரிசை குறுகல், அந்த ஃபுட்டோட பல் நிறைய மெஷின்ல அது மேல சரியா உக்காராது. அடுத்த கில்ட்டுக்கு 100 ஜிஎஸ்எம் எடுங்க.

அரூர்_டெய்லர்
ஷீட்டே எதுக்குங்க? நம்ம ஊர் சித்திரை வெயில்ல பாலியஸ்டர் மேல குழந்தையைப் போட முடியுமா? பழைய நூல் சேலை ஒண்ணு போதும். 5.5 மீட்டரை 45 அங்குலமா மடிச்சா நாலு அடுக்கு வரும். வழுக்கவே வழுக்காது.

காவேரிப்பட்டணம்_கத்தரி
நாலு அடுக்குச் சேலை நனைஞ்சா தூக்க முடியாது, காய ரெண்டு நாள் ஆகும். ஷீட் சீக்கிரம் காயும், குழந்தைத் துணிக்கு அதுதான் முக்கியம். அப்புறம், நடுவுல இருந்துதான் தைக்கணும்னு எந்தச் சட்டமும் இல்ல. கர்நாடகா உத்தர கன்னட மாவட்டத்துல, ஆப்பிரிக்க வம்சாவளியான சித்தி சமூகத்துப் பெண்கள் காவந்திங்கிற ஒட்டுத்துணிக் கில்ட் தைக்கிறதே மூலையில ஆரம்பிச்சு, ஓரமா சுத்திச் சுத்தி உள்ள வர்றதுதான்.

பென்னாகரம்_பெரியக்கா
அது கையால போடுற ஓட்டுத் தையல் தம்பி. துண்டுத்துணியை அப்பப்ப மடிச்சு வச்சுத் தைக்கிறாங்க, சுருக்கம் வந்தா விரலாலயே தள்ளிவிட்டுடலாம். கீழ இருந்து இழுக்கப் பல்லு கிடையாது. மெஷின்ல ஓரத்துல ஆரம்பிச்சா மிச்சத் துணி எல்லாம் நடுவுல வந்து சேரும், அங்க இருந்து வெளிய போக வழி இருக்காது. இன்னொண்ணு, புதுசா வர்ற பொண்ணுக்குப் பழைய பதிவைத் தேடத் தெரியாது. முழு கில்ட் தைக்க ஆசைப்பட்டதும் தப்பில்ல, 36க்கு 45 ஆரம்பத்துக்கு நல்ல அளவுதான்.

சேலையா ஷீட்டான்னு கேட்டா, வெயிலுக்குச் சேலை, ஓசூர்ப் பக்கத்து மார்கழிக்கு ஷீட். ஷீட் வச்சதுமேல சூடான இஸ்திரிப் பெட்டி மட்டும் வேண்டாம், உருகி ஒட்டிக்கும்.

அரூர்_டெய்லர்
காயறது பத்திச் சொன்னது சரிதான். ஆனா ரெண்டே அடுக்கு வச்சா ஒரே வெயில்ல காஞ்சிடும்.

பாலக்கோடு_புதுசு
பிரிச்சுட்டு நடுவுல இருந்து தச்சேன். சுருக்கம் இல்ல. ரொம்ப நன்றிக்கா. ஓரப்பட்டிக்கு எவ்வளவு துணி?

ஊசிநூல்_ஓசூர்
சுத்தளவு 162 அங்குலம், மூலைக்கும் ஜோடிப்புக்கும் சேர்த்து 175 வச்சுக்கோங்க. 44 அங்குல அகலத் துணியில 2.5 அங்குலப் பட்டி அஞ்சு வெட்டுங்க, 35 செ.மீ. வாங்கினா போதும். பட்டியைச் சாய்வா ஜோடிங்க, நேரா ஜோடிச்சா அந்த இடம் தடிச்சுப்போகும்.

பென்னாகரம்_பெரியக்கா
பட்டி வைக்கிறதுக்கு முன்னாடி ஊக்கை எல்லாம் எண்ணி எடு கண்ணு. போட்ட எண்ணிக்கையும் எடுத்த எண்ணிக்கையும் ஒண்ணா இருக்கணும், குழந்தைகிட்டப் போற துணி.