நர்சிங் ஹாஸ்டலில் கொரோனா பாசிட்டிவ், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்கிறார்கள். எங்கள் வீட்டில் அறையே ஒன்றுதான்

தனா, தண்டையார்பேட்டை (8.1.2022, சனி மாலை)

தங்கச்சி பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் வருடம். மற்ற கல்லூரிகளுக்கு எல்லாம் 20ஆம் தேதி வரை லீவு விட்டுவிட்டார்கள். மருத்துவம், துணை மருத்துவம் மட்டும் விதிவிலக்கு என்பதால் அவள் ஹாஸ்டலிலேயே இருந்தாள். வியாழக்கிழமை தொண்டை வலி என்றாள். இன்று மதியம் ஆர்டி-பிசிஆர் பாசிட்டிவ். காய்ச்சல் நூறைத் தாண்டவில்லை, ஆக்சிஜன் 98. ஆள் தெம்பாகத்தான் பேசுகிறாள்.

பிரச்சினை என்னவென்றால், வார்டன் மேடம் போன் செய்து, "ராத்திரிக்குள்ள வந்து கூட்டிட்டுப் போயிடுங்க, பாசிட்டிவ் ஸ்டூடண்ட் ஹாஸ்டல்ல இருக்கக் கூடாதுன்னு ரூல்" என்கிறார். பத்து மணிக்கு மேல் ராத்திரி ஊரடங்கு. நாளை ஞாயிறு, முழு ஊரடங்கு.

எங்கள் வீடு நேதாஜி நகர் பக்கம். ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான். ஆயாவுக்கு 74 வயது, சுகர். கொரோனா தடுப்பூசி ஒன்று போட்டதோடு சரி, இரண்டாவதுக்கு வரமாட்டேன் என்று அடம். கக்கூஸ் மாடியில் மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒன்று. நான் மணலியில் கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் வேலை, லீவு போட்டால் சம்பளம் கட்.

அப்படி ஒரு ரூல் நிஜமாகவே இருக்கிறதா? ஆட்டோவில் கூட்டி வரலாமா? அவளோடு ஒரே ரூமில் இருக்கும் மூன்று பேரை ஒன்றுமே சொல்லவில்லையாம். அதுவும் சரியா?

கார்த்தி 

இதுக்கு ஏன் பாஸ் இவ்வளவு டென்ஷன். இப்போ பரவுற ஓமிக்ரான் வகைக் கொரோனா வெறும் சளிதான். கூட்டிட்டு வந்து மிளகு ரசம் வெச்சுக் குடுங்க, நாலு நாளில் சரியாகிவிடும்.

பழைய வார்டன், பெரம்பூர்

தம்பி தனா, சர்க்குலர் படித்தே தலை நரைத்தவன் நான். ஒரு கல்லூரி விடுதியில் துணை வார்டனாக இருந்து போன வருடம்தான் வெளியே வந்தேன். அந்த மேடம் சொல்வது பொய்யில்லை. 2020 நவம்பரில் யூ.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) வெளியிட்ட வழிகாட்டுதலில் அந்த வரி இருக்கிறது: அறிகுறி உள்ள மாணவரை எந்தக் காரணத்துக்காகவும் விடுதியில் தங்க விடக்கூடாது.

ஆனால் அதே தாளை இன்னும் கொஞ்சம் புரட்டினால் வேறொன்றும் இருக்கிறது. தொற்று வந்தவருக்குத் தனிமை இடமும், அவரோடு இருந்தவர்களுக்குக் குவாரன்டைன் இடமும் கல்லூரியே வைத்திருக்க வேண்டும். முடியாவிட்டால் அரசு மருத்துவமனையோடோ உள்ளூர் நிர்வாகம் காட்டும் இடத்தோடோ முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். அங்கே சாப்பாடு, தண்ணீர் கிடைக்கிறதா என்று பார்ப்பதும் அவர்கள் வேலை. ஹாஸ்டல் ரூமில் வைக்காதே என்றால் வீட்டுக்குத் துரத்து என்று அர்த்தமில்லை. முதல் வரியை அச்சடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள், இரண்டாவது ஃபைலுக்குள்ளேயே கிடக்கும். இன்னொன்று, விடுதி அறையைப் பகிர்ந்து தங்க வைக்கக் கூடாது என்பதும் அதே வழிகாட்டுதல்தான். நாலு பேர் ஒரே ரூமில் இருந்தார்கள் என்றால் ரூலைப் பற்றி அந்த மேடம் அதிகம் பேசாமல் இருப்பது அவருக்கே நல்லது.

2020 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. விடுதிகளில் நூறு பேருக்கு மேல் வந்தது நினைவிருக்கும். தொற்று வந்தவர்களைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் அரசு கொரோனா ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், மற்றவர்களுக்குச் சாப்பாடு பொட்டலமாக ரூமுக்கே போனது. ஒரே மெஸ் ஓடியதைத்தான் பரவக் காரணமாகச் சொன்னார்கள். அதனால் ரூம்மேட் மூன்று பேரும் இன்று எங்கே சாப்பிட்டார்கள் என்று தங்கச்சியிடம் கேளுங்கள். மெஸ்ஸில் என்றால், தட்டு கழுவும் குழாயடிவரை தொற்று போயிருக்கும்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். "பாசிட்டிவ் மாணவியை வீட்டுக்கு அனுப்புகிறோம்" என்று கல்லூரி லெட்டர்பேடில் எழுதித் தரச் சொல்லுங்கள். சத்தம் போட வேண்டாம், மரியாதையாகவே கேளுங்கள். கேட்ட மாத்திரத்தில் பாதி வார்டன்களுக்குக் குரல் இறங்கிவிடும். எனக்கும் இறங்கியிருக்கும்.

மேரி, ராயபுரம்

கார்த்தி, ரசம் நானும் நல்லா வைப்பேன். ஒரு ஊசி மட்டும் போட்ட சுகர்கார ஆயா பக்கத்தில் பாயைப் போட்டுப் படுக்க வெச்சிட்டு ரசம் குடுக்கச் சொல்றீங்களா?

தனா, நான் ராயபுரம் மண்டலத்தில் காய்ச்சல் கணக்கெடுப்புக்குப் போனவள். 2020 மே மாதம் சென்னையிலேயே எங்கள் மண்டலம்தான் தொற்றில் முதலிடம். தெருவை மறித்துத் தகரம் அடித்தார்கள். தகரத்துக்கு உள்ளே எட்டுக் குடும்பம் ஒரே அடிபம்பில் தண்ணி அடித்துக்கொண்டு இருந்தது. அதைப் பார்த்த பிறகு "வீட்டுத் தனிமை" என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும். வீட்டில் தனியாக வைக்க வசதி இருந்தால்தான் வீடு, இந்த 5ஆம் தேதி மத்திய அரசு மாற்றிப் போட்ட விதியும் அதைத்தான் சொல்கிறது. கவனித்துக்கொள்கிறவர் இரண்டு ஊசியும் போட்டிருக்க வேண்டும். களப்பணியாளர் வந்தால் படுக்கையைப் பார்ப்பதற்கு முன்னாடி கக்கூஸ் கதவைத்தான் பார்ப்பார். வெளியே தாழ்ப்பாளில் மூன்று வீட்டுப் பூட்டு மாட்டியிருந்தால் அங்கேயே திரும்பிவிடுவார்.

மாநகராட்சி உதவி எண் 1913க்குப் போன் போடுங்கள். "பொதுக் கழிப்பறை, வீட்டில் 74 வயது சர்க்கரை நோயாளி" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், கடைசியில் சொன்னால் காதில் விழாது. எந்த கொரோனா கவனிப்பு மையம் என்று அவர்கள் சொல்வார்கள். முதல் இரண்டு அலையில் அத்திப்பட்டு குடியிருப்பில் இருந்த மையத்துக்கு எத்தனையோ பேரை அனுப்பி வைத்திருக்கிறேன், சாப்பாடு பரவாயில்லை என்றுதான் சொன்னார்கள். ஆட்டோ, ஷேர் ஆட்டோ எதுவும் வேண்டாம். மூச்சு வாங்கினாலோ, ஒரு மணி நேரத்தில் மூன்று முறை பார்த்தும் ஆக்சிஜன் 93 அல்லது அதற்குக் கீழே காட்டினாலோ உடனே 108. ஊரடங்கில் ஆஸ்பத்திரிக்குப் போக யாரும் தடுக்க மாட்டார்கள்.

பாசிட்டிவ் வந்ததிலிருந்து ஏழு நாள், அதில் கடைசி மூன்று நாள் தொடர்ந்து காய்ச்சல் இல்லையென்றால் தனிமை முடிந்தது. மறுபடி டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் கொண்டு வா என்று ஹாஸ்டலில் கேட்டால், அது அவர்களாகப் போட்ட ரூல்.

சிஸ்டர் பானு

நானும் நர்சிங் முடித்தவள், அதனால் ஒரு எச்சரிக்கை. தேர்வு எழுத 80 சதவீத வருகை வேண்டும், பட்டம் வாங்குவதற்குள் செய்முறை நேரம் நூறு சதவீதமும் முடிக்க வேண்டும். அந்தப் பயத்தில்தான் பிள்ளைகள் இருமலை மறைத்துக்கொண்டு வார்டுக்குப் போகிறார்கள். ரிப்போர்ட்டை இன்றைக்கே கல்லூரிக்கு மெயிலில் அனுப்பி, விட்ட போஸ்டிங்கை (ஆஸ்பத்திரி வார்டில் செய்முறை வேலை) எப்போது ஈடு செய்வது என்று எழுத்தில் கேட்டு வையுங்கள்.

தனா, தண்டையார்பேட்டை (இரவு)

வார்டன் சார், லெட்டர் கேட்டேன். மேடம் "ஒரு நிமிஷம் இருங்க" என்று வைத்துவிட்டார். அதற்குள் 1913இல் பேசி, மேரியக்கா சொன்ன மாதிரியே கக்கூஸிலிருந்து ஆரம்பித்தேன். மண்டல டாக்டர் திரும்பக் கூப்பிட்டு, வீட்டுக்கு வேண்டாம், மையத்துக்கு ஏற்பாடு செய்கிறோம் என்றார். இதைக் கல்லூரியில் சொன்னதும் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் மாடியில் பாத்ரூமோடு ஒரு ரூம் காலியாக இருப்பது அவர்களுக்கு ஞாபகம் வந்துவிட்டது! டாக்டரிடம் கேட்டேன், அங்கேயே இருக்கட்டும் என்றார். தங்கச்சி அங்கே போய்விட்டாள், இட்லி வாசலில் வைத்துவிட்டுப் போனார்களாம்.

ஆனால் ரூம்மேட் மூன்று பேருக்கும் திங்கட்கிழமை வார்டு போஸ்டிங் போட்டிருக்கிறார்கள். மூன்று பேரும் மெஸ்ஸில்தான் சாப்பிட்டார்களாம்.

மேரி, ராயபுரம்

அவங்க மூணு பேரோட பேரையும் நம்பரையும் நாளைக்கு டாக்டர் பேசும்போது காண்டாக்ட் லிஸ்டில், அதாவது தொற்று வந்தவரோடு நெருங்கி இருந்தவங்க பட்டியலில், சேர்க்கச் சொல்லு தம்பி. டாக்டர் போன் வரலைன்னா நீயே 1913க்குத் திரும்பப் பேசு. ஆயாவை அடுத்த ஊசி முகாமுக்கு நான் கூட்டிட்டுப் போறேன், தெரு பேரை மட்டும் தனியா அனுப்பு.