பழைய கதவுப் பலகையில் வெளி மேசை: ஒட்டி வார்னிஷா, இடைவெளி விட்டு எண்ணெயா?

திண்ணைக்காரன்:
மேசை 1500 × 900 மி.மீ. கூரையில்லாத இடத்துல நிக்குது. மேல்பலகை உளுத்துப்போச்சு. சட்டம் திடமா இருக்கு, நாலு காலும் அடிநுனியில மட்டும் குத்தூசி 10 மி.மீ. இறங்குது. கையில இருக்கறது பழைய தேக்குக் கதவுப் பலகை, 30 மி.மீ. கனம், மேல பச்சை பெயிண்ட். ஒட்டி ஒரே தளமாக்கி வார்னிஷ் அடிக்கவா, இடைவெளி விட்டு அடுக்கவா?

சிற்றுளி:
இடைவெளிதான், யோசிக்கவே வேண்டாம். இழைச்சு 25 மி.மீ. ஆக்குங்க. 95 மி.மீ. அகலத்துல 9 பலகை, நடுவுல 8 இடத்துல 5 மி.மீ. விட்டா மொத்தம் 895. மழைத்தண்ணி அப்படியே கீழ போயிடும். ஸ்குரூவைக் குறுக்குச்சட்டத்துக்கு அடியிலிருந்து ஏத்துங்க. மேலிருந்து போட்டா ஒவ்வொரு தலையும் ஒரு தண்ணிக்குழி.

பளபளப்பு:
இடைவெளியில சோறு விழும், கரண்டி விழும், கீழ கால்ல சாம்பார் சொட்டும். மேசைன்னா தளம் வேணும். பலகை ஓரங்களை அசிட்டோன் தொட்ட துணியால துடைச்சு, காய்ஞ்ச உடனே டி4 தர (தண்ணி தாங்கற) மரப்பசையில ஒட்டுங்க. தேக்குல எண்ணெய்ப்பசை அதிகம், துடைக்காம ஒட்டினா கோடு கோடா விட்டுப்போகும்.

சிற்றுளி:
பசை பிடிக்கும், மறுக்கல. மரம் சும்மா இருக்குமா? பட்டைவாட்டில் (வளையங்கள் பலகை முகத்துக்குக் கிட்டத்தட்ட இணையா வர மாதிரி) அறுத்த தேக்கு, மரத்தோட ஈரம் 1 சதவீதம் மாறினா அகலத்துல ஏறக்குறைய 0.18 சதவீதம் மாறும். கோடைக்கும் மழைக்கும் 6 சதவீத வித்தியாசம் வெச்சுக்கோங்க: 900 மி.மீ. தளம் கிட்டத்தட்ட 10 மி.மீ. விரிஞ்சு சுருங்கும். இறுக்கி ஸ்குரூ போட்டிருந்தா பலகை பிளக்கும், இல்ல சட்டம் விடும். தனித்தனி 95 மி.மீ. பலகைக்கு அதே கணக்கு 1 மி.மீ.தான்.

பளபளப்பு:
அதுக்குத்தான் நீள்துளை. நடுவுல மட்டும் இறுக்கமான ஸ்குரூ, ரெண்டு ஓரத்துலயும் 12 மி.மீ. நீளத் துளை, வாஷர். வளையங்கள் பலகை முகத்துக்குச் செங்குத்தா வர மாதிரி அறுத்த பலகையா பொறுக்கினா அசைவு பாதிக்குப் பக்கமா குறையும். கதவுச் சட்டத்துல அந்த மாதிரி துண்டு கிடைக்கும்.

மரத்தூள்:
சண்டைக்கு நடுவுல ஒண்ணு. பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம். உப்புத்தாளும் வேண்டாம், சூடுகாத்தும் வேண்டாம். பெயிண்ட் நீக்கி ஜெல் தடவி, ஈரமா இருக்கும்போதே சுரண்டி எடுங்க. அப்புறம் காந்தத்தை ஒவ்வொரு அங்குலமா ஓட்டுங்க. ஒடிஞ்ச ஆணி ஒண்ணு போதும், இழைப்பு மெஷின் பிளேடு பல்லுபோன கத்தி.

ஆணித்துளையைச் சுத்தி இருக்கற கறுப்பு, இரும்பும் மரத்தோட டானினும் (துவர்ப்புப் பொருள்) சேர்ந்த கறை. 1 லிட்டர் வெந்நீர்ல 50 கிராம் ஆக்சாலிக் அமிலம் கரைச்சுப் பூசி, சில மணி நேரம் விட்டு, நிறைய தண்ணியில கழுவுங்க. விஷம், கையுறை, கண்ணாடி கட்டாயம். கழுவாம தேய்ச்சா அந்தத் தூள் மூச்சுல போகும். இனிமே போடற ஸ்குரூ எல்லாம் துருப்பிடிக்காத எஃகு, 304 தரம். கடல்காத்து அடிக்கும்னா 316.

சிற்றுளி:
சரி, வார்னிஷுக்கு வருவோம். வெயில்ல படலம் எங்கயாவது ஒரு மயிரிழை விரியும், பெரும்பாலும் பலகையோட வெட்டுமுனையில. தண்ணி உள்ள போகும், வெளிய வர வழி கிடையாது. ஆறே மாசத்துல அடியில கறுத்து, மேல தோல் உரியற மாதிரி உரியும். அப்ப பேட்ச் போட முடியாது, முழுசாச் சுரண்டணும். எண்ணெய்னா தேய்ச்சு மறுபடி தடவினா முடிஞ்சது.

பளபளப்பு:
வீட்டுக்குள்ள அடிக்கற பாலியூரித்தேன் வார்னிஷை அடிச்சா அப்படித்தான் ஆகும். வெயில் தாங்கற கடல்வார்னிஷ் (படகுக்கு அடிக்கறது) எடுத்து, முதல் பூச்சுக்குப் பாதிக்குப் பாதி தின்னர் கலந்து ஊற விட்டு, மேல 5 பூச்சு, நடுநடுவுல 320 நம்பர் நைஸ் உப்புத்தாள், வருஷம் ஒரு பராமரிப்புப் பூச்சுன்னா நிக்கும். உங்க எண்ணெய் மூணு நாலு மாசத்துல வெளுக்குமே? ஆளி எண்ணெயில பூஞ்சையும் பிடிக்கும்.

சிற்றுளி:
எதுவும் கலக்காத ஆளி எண்ணெய்ல பிடிக்கும், உண்மை. பூஞ்சைத்தடுப்பு கலந்த வெளிப்புற எண்ணெய் வாங்கணும். உப்புத்தாள் 120 நம்பரோட நிறுத்துங்க. அதுக்கு மேல மழமழன்னு ஆக்கினா எண்ணெய் இறங்காது. வெளுக்கறதைப் பத்திக் கவலையே வேண்டாம், சாம்பல் நிறம் மேல்தோல்ல மட்டும். துடைச்ச துணியைச் சுருட்டிப் போடாதீங்க, தானே தீப்பிடிக்கும், விரிச்சுக் காயப்போடுங்க.

கூரைக்கடியில நிக்கற மேசைன்னா நானே வார்னிஷ்தான் சொல்வேன்.

பளபளப்பு:
திறந்த வெளி, வருஷாவருஷம் பூச மாட்டோம்னா இடைவெளியே வெச்சுக்கோங்க. ஆனா ரெண்டையும் கலக்காதீங்க. எண்ணெய் நல்லாக் காயாம மேல வார்னிஷ் அடிச்சா சரியா ஒட்டாது.

திண்ணைக்காரன்:
வருஷாவருஷம் பூசற ஆள் நான் இல்ல. இடைவெளிதான். கால் நுனிக்கு?

மரத்தூள்:
உளுத்த பாகத்தோட 20 மி.மீ. வெட்டி எறிங்க, நாலு காலையும் ஒரே அளவா. பட்டி வெச்சு அடைச்சா ஈரம் உள்ளயே சிக்கி இன்னும் மேல ஏறும். நல்லாக் காய்ஞ்சதும் மேசையைக் கவுத்து, வெட்டுமுனையில தண்ணி மாதிரி இருக்கற எபாக்சியை (ரெண்டு திரவம் கலந்து இறுகற பிசின்) உறிஞ்ச உறிஞ்ச ஊத்துங்க, குடிக்கறது நிக்கற வரைக்கும். அடியில 20 மி.மீ. ரப்பர் பாதம் மாட்டினா உயரமும் சரியாயிடும்.