பொத்தானும் கதை சொல்லுமா?

பாம்பன்பையன்:
(‘பிரதர்ஸ்’ வீடியோ கேமின் முடிவைச் சொல்லிவிடுவேன். விளையாடாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.)

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில். மண்டபத்தில் பழைய கண்ட்ரோலர் ஒன்று வாங்கி, 2013இல் வந்த ‘பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்’ விளையாடினேன். கண்ட்ரோலரில் நடக்கவைக்கும் இடது ஸ்டிக்கும், விரலால் அழுத்தும் பொத்தானான இடது ட்ரிகரும் அண்ணனுக்கு, வலதுபக்கம் தம்பிக்கு. முதலில் இரண்டு பேரும் சுவரில் முட்டுவார்கள், போகப்போகக் கை பழகிவிடும். அம்மா மூழ்கி இறந்ததால் தம்பிக்குத் தண்ணீர் என்றாலே பயம். ஆறு வந்தால் அண்ணன் முதுகைத் தொற்றிக்கொள்வான்.

கடைசிப் பகுதியில் அண்ணன் இறந்துவிடுகிறான். அப்புறம் என் இடது கை சும்மா கிடந்தது. தம்பி தனியாக ஆற்றங்கரையில் நிற்கிறான், இறங்க மாட்டேன் என்கிறான். உப்புக்காற்றில் வலது ட்ரிகர் போய்விட்டதோ என்று ஊதினேன், துடைத்தேன். எரிச்சலில் இடது ட்ரிகரை அழுத்தினேன். நீந்தினான்!

எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்ததும் அண்ணன்தான். இப்போது சவுதியில் இருக்கிறான். அது கிடக்கட்டும். என் கேள்வி: இது கலையா, வெறும் உத்தியா?

கீழக்கரைக்காரன்:
தம்பி, அழவைத்தது கதை. பொத்தான் பேனா மாதிரி. பேனாவை யார் பாராட்டுகிறார்கள்?

சுக்கான்பிடி, தொண்டி:
பேனா எழுதுகிறவர் கையில் இருக்கிறது பாய், இது வாசிப்பவர் கையில் அல்லவா இருக்கிறது? 2001இல் வந்த ‘ஐகோ’ கேமில் ஆர்1 பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் பையன் கூட வரும் பெண்ணின் கையைப் பிடிப்பான். விரலை எடுத்தால் கை விட்டுப்போகும். அதே இயக்குநர் உவேடா 2005இல் ‘ஷேடோ ஆஃப் த கொலோசஸ்’ செய்தார். அதிலும் அதே ஆர்1, ஆனால் பிடிப்பது ராட்சதனின் ரோமத்தை. அங்கே பாசம், இங்கே உயிர்ப்பயம். கரைவலை இழுத்தவனுக்கு இது புரியும். மீன் சேரும் வலைமடி கனக்கிறதா என்று கண்ணுக்கு முன் கை சொல்லிவிடும்.

கீழக்கரைக்காரன்:
விரல் வலித்தால் கலை என்கிறீர்கள். சரி, பாதி ஒப்புக்கொள்கிறேன்.

பாம்பன்பையன்:
அந்த ஆற்றுக் காட்சியை அம்மாவும் பக்கத்தில் இருந்து பார்த்தார். “பிள்ளைதான் கரையேறிட்டானே, நீ ஏன்டா அழுகுற?” என்றார். அவர் பார்த்தது தம்பி நீந்தியதை. என் இடது கைக்குத் தெரிந்ததை எப்படிச் சொல்ல? கண்ட்ரோலரையே அம்மா கையில் கொடுத்துவிட்டேன். மூன்று நாளாகிறது, கேமின் தொடக்கத்தில் வரும் சுகமில்லாத அப்பாவைத் தள்ளுவண்டியில் வைத்தியர் வீட்டுக்கே இன்னும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.