உட்ரோ வில்சன்: யாருக்கு எந்தப் புத்தகம் கொடுத்தேன், என்ன ஆனது

முதல் உலகப் போர்க் காலத்து அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன் என்றால் பதினான்கு அம்சங்கள், பன்னாட்டுச் சங்கம், நோபல் அமைதிப் பரிசு, இவ்வளவுதான் பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொன்னது. அதைத் தாண்டி அவரைக் கொஞ்சம் தட்டிப் பார்க்கிற புத்தகம் எதில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். என் அனுபவத்தில் அது ஆளைப் பொறுத்தது. டெல்லியில் எனக்குத் தெரிந்தவர்கள் தலையில் இந்தப் புத்தகங்களைக் கட்டியதில் என்ன நடந்தது என்று சொல்கிறேன், நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

ஆர்.கே. புரத்தில் எங்கள் குடும்பத்துக்கு வேண்டிய மாமா ஒருவர் இருக்கிறார். எல்டிசியாக, அதாவது கீழ்நிலை குமாஸ்தாவாக, டெல்லிக்கு ரயில் ஏறி, அண்டர் செக்ரட்டரியாக ரிட்டயர் ஆனவர். தமிழ்ச் சங்க நூலகத்தில் சரித்திர நாவல் எடுப்பதோடு சரி, அமெரிக்கா பற்றியெல்லாம் "எனக்கு எதுக்குப்பா அது" என்பார். அவருக்கு எரிக் யெலின் எழுதிய 'ரேசிஸம் இன் த நேஷன்ஸ் சர்வீஸ்' (2013) கொடுத்தேன். வில்சன் 1913இல் பதவிக்கு வந்த பிறகு வாஷிங்டன் அரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களுக்கு என்ன ஆனது என்பதுதான் புத்தகம். அதுவரை பரீட்சை எழுதி, வேலைக்கு வந்து, வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிக்கவைத்து ஒரு நடுத்தர வர்க்கமே அங்கே உருவாகியிருந்தது. கருவூலத்திலும் தபால் இலாகாவிலும் அவர்களுக்குத் தனிக் கழிப்பறை, தனிச் சாப்பாட்டு மேசை, சில இடங்களில் நடுவே தடுப்பு. 1914 முதல் விண்ணப்பத்தோடு புகைப்படமும் ஒட்ட வேண்டும். எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

மாமா பென்சிலும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். அடுத்த முறை போனபோது மார்ஜின் பூராவும் குறிப்பு. "ஜனாதிபதி கையெழுத்துப் போட்ட ஆர்டர் எங்கேடா?" என்றார். இல்லை மாமா, மெக்காடூ, பர்ல்சன் என்ற மந்திரிகள் அவரவர் இலாகாவில் செய்தார்கள், வில்சன் சம்மதித்தார், கேட்டவர்களிடம் நியாயப்படுத்தியும் பேசினார் என்றேன். சிரித்தார். ஆர்டர் போட்டால் கோர்ட்டுக்குப் போவான், போடாமல் சீட்டை மாற்றினால் எங்கே போவான், சி.ஆரில் (மேலதிகாரி எழுதும் ரகசிய அறிக்கை) ஒரு வரி போதும், டிபிசியில் (பிரமோஷன் கமிட்டி) பெயர் வராது, இப்படியே அரை மணி நேரம். எனக்கு அந்தப் புத்தகம் அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. பதவி இறக்கம், தள்ளிப்போன பிரமோஷன், 'நிர்வாகத் திறமைக்காக' என்ற சாக்கு, இதெல்லாம் ஒரு செக்‌ஷனில் முப்பது வருஷம் உட்கார்ந்தவருக்கு விளக்கம் இல்லாமலே தெரிகிறது. ஜனாதிபதியின் அறையிலிருந்து எழுதிய வாழ்க்கை வரலாறுகளில் இது சில பக்கங்களில் 'வருந்தத்தக்க விஷயம்' என்று கடந்துபோய்விடும். குமாஸ்தாவின் மேசையிலிருந்து பார்த்தால் அதுதான் ஆட்சியே.

அப்புறம் ஓல்ட் ராஜேந்தர் நகரில் யுபிஎஸ்சிக்குப் படிக்கிற திருநெல்வேலித் தம்பி. எரெஸ் மனேலாவின் 'த வில்சோனியன் மொமென்ட்' (2007) கொடுத்தேன். முதல் கேள்வி, "அண்ணா, இது ப்ரிலிம்ஸுக்கு வருமா?" வருமோ வராதோ, படி என்றேன். எகிப்து, இந்தியா, சீனா, கொரியா, நாலு நாட்டுக்காரர்களும் சுயநிர்ணயம், அதாவது தங்கள் ஆட்சியை மக்களே தீர்மானிப்பது, என்ற வில்சனின் பேச்சை நம்பி 1919இல் பாரிஸ் அமைதி மாநாட்டைப் பார்த்துக் காத்திருந்ததும், கதவு திறக்காததும்தான் கதை. 1918 டிசம்பரில் இதே டெல்லியில் கூடிய காங்கிரஸ் மாநாடு வில்சன் பெயரைச் சொல்லியே சுயநிர்ணயம் கேட்டுத் தீர்மானம் போட்டது. திலகரைப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தார்கள், ஆங்கிலேய அரசு அவரைப் பாரிஸுக்குப் போகவே விடவில்லை. அவர் வில்சனுக்கு எழுதிய கடிதத்துக்குச் செயலாளரிடமிருந்து மரியாதையாக ஒரு பதில் வந்தது, அவ்வளவுதான்.

நம்ம ஊர்க்காரர் ஒருவர் அதற்கும் முன்னாலேயே எழுதியிருக்கிறார். மதுரையில் பிறந்து, சென்னை உயர் நீதிமன்றத்தில் தற்காலிகத் தலைமை நீதிபதியாக இருந்த சர் எஸ். சுப்பிரமணிய ஐயர், மணி ஐயர் என்பார்கள். அன்னி பெசன்ட்டைக் காவலில் வைத்த சமயம், 1917 ஜூனில், எழுபது தாண்டிய வயதில் வில்சனுக்கு நேரடியாகக் கடிதம். தணிக்கைக்குத் தப்ப ஓர் அமெரிக்கத் தம்பதி கையோடு கொண்டுபோனார்கள். விஷயம் வெளியே வந்ததும் லண்டன் நாடாளுமன்றத்தில் இந்தியா மந்திரி மாண்டேகு காய்ச்சி எடுத்தார், இவர் சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். இதைக் கேட்டபிறகுதான் தம்பி புத்தகத்தைக் கீழே வைக்காமல் படித்தான். ப்ரிலிம்ஸை மறந்தான் என்று சொல்ல மாட்டேன், அவன் அம்மா என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

* * *

மேலே எழுதியவருக்கு, ஆடம் ஹாக்ஸ்சைல்டின் 'அமெரிக்கன் மிட்நைட்' (2022) விட்டுப்போயிற்றே. 1917 முதல் 1921 வரை அமெரிக்காவுக்குள்ளேயே நடந்த ஒடுக்குமுறை. எங்கள் மயூர் விஹார் அடுக்ககத்தில் பத்திரிகை அச்சகத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருக்கிறார், 1975 ஜூனில் எமர்ஜென்சி வந்த ராத்திரி பத்திரிகை ஆபீஸ்கள் இருக்கிற பகதூர் ஷா ஜாபர் மார்க்கில் கரண்டைப் பிடுங்கியபோது உள்ளே இருந்தவர். அவருக்குக் கண் சரியில்லை, நான்தான் சில பகுதிகளைப் படித்துத் தமிழில் சொன்னேன். 'த மாஸஸ்' என்ற போர் எதிர்ப்புப் பத்திரிகைக்கு நேர்ந்ததைக் கேட்டு மனுஷர் தொடையில் தட்டினார். ஓர் இதழைத் தபாலில் ஏற்றமாட்டோம் என்று தபால் இலாகா நிறுத்திவைத்தது. அடுத்த இதழ் வந்தபோது, போன மாதம் உங்கள் பத்திரிகை தபாலில் வரவில்லையே, அப்படியானால் இது ஒழுங்காக வருகிற பத்திரிகையே இல்லை, சலுகைக் கட்டணம் கிடையாது என்றது! "எங்களுக்கு வெறும் ஃப்யூஸைத்தான் பிடுங்கினான், இவன் மூளையோட பிடுங்கியிருக்கான்" என்றார் பெரியவர்.

சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸ் கதையும் சொன்னேன். போருக்கு எதிராக 1918இல் ஒரே ஒரு கூட்டத்தில் பேசியதற்குப் பத்து வருஷத் தண்டனை, ஜெயிலில் இருந்தபடியே 1920 தேர்தலில் நின்று ஒன்பது லட்சத்துக்கு மேல் ஓட்டு. போர் முடிந்தும் வில்சன் மன்னிக்கவில்லை. வெளியே விட்டது அடுத்து வந்த ஹார்டிங், அவரோ பெரிய லட்சியவாதி என்று யாரும் சொல்லாத ஆள்.

* * *

மேலே எழுதிய இருவருக்கும், எனக்கு வேறு மாதிரி அனுபவம். ஆபீஸில் ஒரு நண்பர், வில்சன் பக்தர், "அந்தக் காலத்து ஆளை இந்தக் கால அளவுகோலால் அளக்காதே" என்று ஒரே பிடி. 2020இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் தன் பொதுக்கொள்கைப் பள்ளியிலிருந்து வில்சன் பெயரை எடுத்ததில் அவருக்கு ரொம்ப வருத்தம். வாதம் பண்ணாமல் மன்றோ டிராட்டர் கதையை மட்டும் சொன்னேன். 1912 தேர்தலில் வில்சனை ஆதரித்த கறுப்பினப் பத்திரிகையாளர், 1914 நவம்பரில் வெள்ளை மாளிகைக்கே போய் முகத்துக்கு நேரே கேட்டார். பிரித்துவைப்பது உங்கள் நன்மைக்குத்தான் என்கிற தோரணையில் வில்சன் பேச, இவர் விடாமல் எதிர்க்க, உங்கள் பேச்சு முறை சரியில்லை என்று அனுப்பிவிட்டார். பாரிஸில் பன்னாட்டுச் சங்க விதிகளில் இனச் சமத்துவ வாசகம் சேர்க்க ஜப்பான் கேட்டபோதும் பெரும்பான்மை ஆதரவு இருந்தது, ஒருமித்த முடிவாக இல்லை என்று தலைமையில் இருந்த வில்சன்தான் தள்ளினார். ஆக, அளவுகோல் அப்போதே கையில் இருந்தது. நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் புத்தகம் பெயர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

* * *

முதலில் எழுதியவன்தான் மறுபடி. பக்தர்களுக்கு பட்ரீஷியா ஓடூலின் 'த மாரலிஸ்ட்' (2018) கொடுங்கள் சார், அது மிதமாகவே போகும். ஜான் மில்டன் கூப்பரின் 2009 வாழ்க்கை வரலாறு தடிமனானது, தகவலுக்கு நல்லது, ஆனால் அவருக்கு வில்சன் மேல் பாசம் அதிகம். இன்னொன்று, கறுப்பின மக்களை இழிவுபடுத்துகிற 'த பர்த் ஆஃப் எ நேஷன்' சினிமாவைப் பார்த்துவிட்டு 'மின்னலால் எழுதிய வரலாறு' என்று வில்சன் சொன்னதாக எல்லோரும் எடுத்துப் போடுவார்கள். அப்படிச் சொன்னதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. வெள்ளை மாளிகையில் 1915இல் அந்தப் படத்தைத் திரையிட்டது நிஜம், அதுவே போதும்.

யெலின் புத்தகம் இப்போது மாமாவிடமிருந்து அவருடைய பழைய செக்‌ஷன் ஆட்களிடம் போயிருக்கிறது, வர நாளாகும். மனேலா என்னிடம் இருக்கிறது. வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை டெல்லி கேட் மெட்ரோ பக்கம் வாருங்கள், மகிளா ஹாட் பழைய புத்தகச் சந்தைக்குத்தான் வருவேன்.