நெல்லையிலிருந்து பெங்களூருக்குக் குடிபோகிறோம்: கிளம்பும் முன் எதையெல்லாம் முடிக்க வேண்டும்?

பாளை_செல்வி:

எல்லோருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரருக்கு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்திருக்கிறது. அவர் அடுத்த மாதமே சேர வேண்டும். நானும் பையனும் முழுஆண்டுப் பரீட்சை முடிந்ததும் போகிறோம். பையன் மூன்றாம் வகுப்பு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பாளையங்கோட்டையைத் தாண்டிக் குடியிருந்ததில்லை. ஆளுக்கு ஒன்று சொல்லிக் குழப்புகிறார்கள். டிஎன் 72 பைக்கைப் பார்த்தாலே அங்கே போலீஸ் ஓரங்கட்டும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். ஆதாரில் முகவரி மாற்றாமல் வீடே தரமாட்டார்கள் என்கிறார் என் நாத்தனார். சிலிண்டரைச் சாமான் லாரியிலேயே ஏற்றிவிடலாமா? ரேஷன் கார்டு என்ன ஆகும்? போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

மதுரை_மல்லி:

செல்வி, நாங்கள் 2018 ஜூனில் மதுரையிலிருந்து பெங்களூருக்கு வந்தோம். விட்டுவிட்டு வந்த தாள்களுக்காக மூன்று தடவை ராத்திரி பஸ் ஏறி மதுரைக்குப் போனேன். அதனால் என் கணக்கில் வேலைகள் இரண்டே வகை. ஊரில் மட்டும்தான் முடியும் என்பவை ஒன்று, போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவை இன்னொன்று. ஆதார் முகவரி இரண்டாவது வகை. வாடகை ஒப்பந்தம் கைக்கு வந்த பிறகுதானே புது முகவரிக்கே சான்று கிடைக்கும்? டிரைவிங் லைசென்சும் அப்படித்தான், அது இந்தியா முழுக்கச் செல்லும்.

பைக் முதல் வகை. வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புது எண் வாங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம், 47ஆம் பிரிவு. அதற்கு வண்டி பதிவான ஆர்டிஓ அலுவலகத்தில் என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். படிவம் 28. அதில் சேசிஸ் எண்ணின் பென்சில் அச்சு கேட்பார்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே கழுத்தில் எண் வெட்டியிருக்கும். அதன்மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். என் வீட்டுக்காரர் கிரீஸைத் துடைக்காமலே தேய்த்துவிட்டார். கடைசி எண் 3ஆ 8ஆ என்று தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாள் லீவு போச்சு. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு நாலைந்து அச்சாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடன் அடைந்தும் ஆர்சியில் வங்கி பெயர் இருந்தால் அதை முதலில் நீக்குங்கள். பாக்கி அபராதம் இருந்தால் கட்டிவிடுங்கள்.

கர்நாடகத்தில் மறுபடி ஆயுள் வரி கட்ட வேண்டும், வண்டியின் வயதுக்கேற்பக் குறையும். தமிழ்நாட்டில் கட்டியதில் மிச்ச வருஷங்களுக்கு உரியதைத் திருப்பிக் கேட்கலாம், ஆனால் அதற்குக் கர்நாடகத்தில் பதிவு முடிந்த ஆதாரத்தோடு தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பழைய வண்டி என்றால் இவ்வளவு அலைச்சலுக்கும் செலவுக்கும் ஊரிலேயே விற்றுவிடுவது மேல். நாங்கள் அதைச் செய்யவில்லை, என் வீட்டுக்காரருக்கு அந்த வண்டிமேல் பாசம்.

சிலிண்டரை லாரியில் ஏற்றவே ஏற்றாதீர்கள். சிலிண்டர், ரெகுலேட்டர் இரண்டையும் ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட்டைத் திருப்பித் தந்து ஒரு வவுச்சர் கொடுப்பார்கள். அதைக் காட்டி அங்கே இணைப்பு வாங்கலாம். பழைய டெபாசிட் அந்தக் காலத்து ரேட்டில் வரும், புதியதை இன்றைய ரேட்டில் கட்ட வேண்டும். அடுப்பு உங்களுடையது, அதை எடுத்துப் போங்கள்.

பையனுக்கு டிசி வாங்கும்போது எமிஸ் எண்ணோடு (நம் மாநிலத்தின் மாணவர் எண்) பென் எண்ணையும் (நாடு முழுக்கச் செல்லும் மாணவர் எண்) கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெளிமாநில டிசியில் கல்வி அதிகாரியின் மேலொப்பம் கேட்கிற பள்ளிகள் உண்டு. எனக்கு ஒரு மதுரைப் பயணம் இதற்காகவே போனது. இங்கே பள்ளிகளில் கன்னடம் கட்டாயம், 2015இல் சட்டமே வந்துவிட்டது. லீவிலேயே எழுத்துகளைத் தொடங்கிவிடுங்கள். சாதிச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் இப்போதே வாங்குங்கள். நம் ஊர்ச் சான்றை வைத்துக் கர்நாடக அரசின் இடஒதுக்கீடு கேட்க முடியாது, ஆனால் பையன் நாளைக்கு நம் ஊர்க் கல்லூரியில் சேர அது வேண்டும்.

வீடு விஷயத்தில் ஒன்று மட்டும். விளம்பரத்தில் 'லீஸ்' என்று இருந்தால் அது நம் ஊர் ஒத்தி. மொத்தமாகப் பணம் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் இருப்பது. வீட்டுக்குச் சொந்தமே இல்லாத ஆளிடம் அப்படிப் பத்து லட்சம் கொடுத்துவிட்டு நிற்கிற குடும்பத்தை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். புதிதாக வருகிறவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம். 11 மாத வாடகை ஒப்பந்தம் போதும். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே வழக்கம். அதையும், அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வரும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

ஓசூர்_ரூட்:

மல்லி அக்கா சொன்னதோடு சில. வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், அலுவலகத்தில் வீட்டு வாடகைப் படிக்கு வரிச்சலுகை கேட்க வீட்டுக்காரரின் பான் எண் வேண்டும். நான் சொல்வது வீட்டு ஓனரை. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள், பிறகு கேட்டால் முகம் மாறிவிடும்.

கர்நாடகத்தில் 200 யூனிட் வரை இலவச மின்சாரம் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் உண்டு. முன்பு குடியிருந்தவர் தன் ஆதாரை அந்த மின் இணைப்பிலிருந்து எடுத்துவிட்டாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரேஷன் கார்டில் பிஎச்எச் (முன்னுரிமைக் குடும்பம்) என்று இருந்தால் கர்நாடகக் கடையிலும் கைரேகை வைத்து மத்திய அரசின் தானியம் வாங்கலாம். என்பிஎச்எச் (முன்னுரிமை இல்லாதது) என்றால் முடியாது. வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8. இரண்டு ஊரிலும் பெயர் இருக்கட்டும் என்று விடக்கூடாது, சட்டப்படி தப்பு.

போலீஸ் பயம் பெரிதாக வேண்டாம். அத்திப்பள்ளி வழியாகத் தினமும் டிஎன் வண்டியில்தான் போய் வருகிறேன். நிறுத்தினால் ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று பார்ப்பார்கள். அங்கேயே குடியிருப்பவர் என்றால் எப்போது வந்தீர்கள் என்று கேட்பார்கள். அதற்கு வாடகை ஒப்பந்தத்தின் நகல் ஒன்று வண்டியில் இருக்கட்டும்.

பாளை_செல்வி:

அக்கா, அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. டிசி விஷயம் யாருமே சொல்லவில்லை, நாளைக்கே பள்ளியில் கேட்கிறேன். கார்டு என்பிஎச்எச்தான், பார்த்துவிட்டேன். இன்னொரு சந்தேகம். ஆர்சியை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். வண்டி 2013 மாடல், அதுவும் என் மாமனார் பெயரில் இருக்கிறது. என்ஓசிக்கு என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டால் செல்லுமா?

மதுரை_மல்லி:

செல்லாது செல்வி. ஆர்சியில் யார் பெயரோ அவர்தான் போட வேண்டும். இல்லையென்றால் முதலில் 29, 30 படிவங்களில் பெயர் மாற்ற வேண்டும். 2013 வண்டிக்கு இத்தனை பாடா? மாமாவுக்குச் சந்தைக்குப் போய்வர ஆகும், அவரிடமே விட்டுவிட்டு வாங்க. எலக்ட்ரானிக் சிட்டிக்கு இப்போது மெட்ரோவும் ஓடுகிறது.